நிறுவனம் இல்லாதவரின் விசிட்டிங் கார்டு

வேலை போன மூன்றாவது வாரம் ஒரு தொழிற்கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒரு ஸ்டாலில் பம்புகளைப் பற்றிக் கால் மணி நேரம் என்னோடு பேசிக்கொண்டிருந்த பெரியவர், நான் கிளம்பும்போது, "உங்கள் கார்டு ஒன்று கொடுங்கள்" என்றார். பர்ஸில் இருந்ததோ பழைய நிறுவனத்தின் கார்டு. நிறுவனத்தின் பெயரைப் பேனாவால் அடித்தேன். இனி திறக்காத மின்னஞ்சலையும் அடித்தேன். திருப்பிப் பின்பக்கத்தில் என் சொந்த எண்ணை எழுதப் பார்த்தேன். வழவழப்பான கார்டு, மை ஒட்டவில்லை. ஆறாவது இலக்கத்தின் மேல் பெருவிரல் பட்டுக் கோடாக இழுபட்டது. அவர் அதை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அழைப்பு வரவில்லை. வந்திருந்தால்தான் ஆச்சரியம், அந்த எண்ணை என்னாலேயே படித்திருக்க முடியாது.

அடுத்த வாரமே 500 கார்டு அச்சடித்தேன். அதில் செய்த பிழைகளும் கீழே வரும்.

"கார்டு என்பது ஒரு கம்பெனியில் இருப்பவர்களுக்குத்தானே, வேலையில்லாமல் இருக்கும்போது அதில் எதைப் போடுவது?" என்ற கூச்சம் பலருக்கும் உண்டு. கார்டு வேலை வாங்கித் தரும் என்று எதிர்பார்த்தால் அந்தக் கூச்சம் நியாயமானதுதான். ஆனால் அதற்கு இருக்கும் வேலை மிகச் சிறியது. நாளை மறுநாள் நீங்கள் அனுப்பும் மின்னஞ்சலைப் பார்த்து "யார் இது?" என்று அவர் யோசிக்காமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான். இன்னொன்று: நீங்கள் ஒன்று நீட்டினால் அவரும் தன்னுடையதை நீட்டுவார். உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது அந்த இரண்டாவது கார்டு. இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் அந்தக் கார்டைச் சுற்றித்தான்.

1. அந்த ஒரு வரி

பெயருக்குக் கீழே பதவி போடும் இடம் காலியாக இருக்கிறதே என்பதுதான் முதல் திகைப்பு. அங்கே "வேலை தேடுகிறேன்" என்று போடாதீர்கள். கார்டைப் பார்ப்பவர் ஆறு மாதம் கழித்துக்கூட எடுத்துப் பார்க்கலாம். அப்போது நீங்கள் வேறெங்கோ சேர்ந்திருப்பீர்கள், அல்லது இன்னும் தேடிக்கொண்டே இருக்கிறீர்கள் என்று அவர் நினைத்துக்கொள்வார். இரண்டுமே உதவாது. ஒற்றை ஆள் கம்பெனிக்கு "நிறுவனர்" என்று பட்டம் சூட்டிக்கொள்வதும் வேண்டாம். "உங்களிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?" என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும்.

செய்யத் தெரிந்த வேலையை எழுதுங்கள். "மென்பொருள் சோதனை, 4 ஆண்டு அனுபவம்". "கிடங்கு மேற்பார்வை, சரக்கு இருப்புக் கணக்கு". "குளிர்பதன இயந்திரப் பழுதுபார்ப்பு". இப்போதுதான் படித்து முடித்தவர் என்றால் "இயந்திரவியல் பட்டதாரி, உதிரிபாக வரைபடம்" என்று போடலாம். பட்டதாரி என்று மட்டும் நிறுத்திவிட்டால் எந்தப் பக்கம் போக விரும்புகிறீர்கள் என்பது வாங்குபவருக்குத் தெரியாது.

என் முதல் கார்டில் "உற்பத்தி, தரம், கொள்முதல், மேலாண்மை" என்று நான்கையும் வரிசையாக அடுக்கியிருந்தேன். எதையும் விட்டுவிடக் கூடாது என்ற பயம். அதைப் பார்த்த நண்பர் ஒருவர், "இதில் எது நீ?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கே சற்று நேரம் பிடித்தது. உங்கள் வரியை உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் படித்துக் காட்டி, "என்னைப் பற்றி யாரிடம் சொல்வாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் ஒரு ஆளையோ ஒரு இடத்தையோ சொன்னால் வரி தேறிவிட்டது. இரண்டு வகை வேலைகளுக்கு முயல்கிறீர்கள் என்றால் இரண்டு கார்டு அச்சடியுங்கள். ஒரே பையில் கலந்து வைக்காதீர்கள்.

2. எதைப் போடுவது, எதை விடுவது

பெயர், அந்த ஒரு வரி, கைபேசி எண், மின்னஞ்சல், ஒரே ஒரு இணைய முகவரி. ஐந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெயர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். கார்டில் தலைப்பெழுத்தோடு, லிங்க்ட்இன் பக்கத்தில் அதை விரித்து, ரெஸ்யூமேயில் தலைப்பெழுத்தே இல்லாமல் என்று மூன்று விதமாக இருந்தால், தேடுபவருக்கு மூன்று பேர் கிடைப்பார்கள். மூவரில் யாரும் நீங்களாக இல்லாமலும் போகலாம்.

மின்னஞ்சல் முகவரி பெயரை ஒட்டியதாக இருக்கட்டும். கல்லூரியோ பழைய நிறுவனமோ தந்த முகவரி வேண்டாம். அது என்றைக்கு மூடப்படும் என்பது உங்கள் கையில் இல்லை. இன்னும் வேலையில் இருந்துகொண்டே வேறு இடம் தேடுபவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். நிறுவனத்தின் கார்டையும் நிறுவனத்தின் மின்னஞ்சலையும் சொந்த வேலைத் தேடலுக்குப் பயன்படுத்துவது முறையல்ல. அந்த அஞ்சல் பெட்டியை நிர்வாகத்தால் திறந்து பார்க்கவும் முடியும்.

வீட்டு முகவரி, பிறந்த தேதி, மதிப்பெண், பழைய நிறுவனத்தின் இலச்சினை எதுவும் தேவையில்லை. கார்டு யார் யார் கைக்குப் போகும் என்று தெரியாது, வீட்டு முகவரியை ஏன் ஊருக்கெல்லாம் விநியோகிக்க வேண்டும்? புகைப்படம் அவரவர் விருப்பம். எனக்குப் பிடிக்காது.

3. அச்சகத்தில்

அளவு நாட்டுக்கு நாடு சற்று மாறும். அமெரிக்க அளவு 89 × 51 மில்லிமீட்டர், ஐரோப்பிய அளவு 85 × 55, ஜப்பானிய அளவு 91 × 55. வங்கி அட்டையின் அளவு 85.60 × 53.98. உங்கள் பகுதியில் மற்றவர்கள் எந்த அளவு வைத்திருக்கிறார்களோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசமாக இருக்கட்டும் என்று வட்டமாகவும் நீளமாகவும் வெட்டினால் பர்ஸில் நுழையாது. பர்ஸில் நுழையாதது மேசையிலேயே கிடந்து குப்பைக்குப் போகும்.

தாள் கனத்தை ஜிஎஸ்எம் என்று சொல்வார்கள்: ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். நகலெடுக்கும் சாதாரணத் தாள் 80 ஜிஎஸ்எம் அளவில் இருக்கும். கார்டுக்கு 300 முதல் 350 வரை கேளுங்கள். கனத்தைவிட முக்கியம் மேற்பரப்பு. பளபளப்பு லேமினேஷன் போட்டால் பார்க்க அழகு, எழுத முடியாது. பின்பக்கமாவது பூச்சில்லாத தாளாக, வெறுமையாக இருக்க வேண்டும். கடையில் மாதிரி கார்டு ஒன்றை வாங்கி, உங்கள் பேனாவால் எழுதி, ஐந்து நொடி கழித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். என் இழுபட்ட ஆறாவது இலக்கம் கற்றுத் தந்த பாடம் இது.

எழுத்தின் அளவு புள்ளியில் சொல்லப்படும். ஒரு அங்குலத்துக்கு 72 புள்ளி. எண்ணும் மின்னஞ்சலும் 8 புள்ளிக்குக் கீழே இறங்க வேண்டாம். கார்டை வாங்குபவர் வாசிப்புக் கண்ணாடி போடும் வயதில் இருக்க வாய்ப்பு அதிகம், வேலை தரும் இடத்தில் இருப்பவரும் அவர்தான். வெளிர் சாம்பல் நிற எழுத்து திரையில் நாகரிகமாகத் தெரியும், தாளில் மங்கிப்போகும். கைபேசி எண்ணை இடைவெளி விட்டுக் குழுக்களாகப் பிரித்துப் போடுங்கள்.

வடிவமைப்பை நீங்களே செய்து கொடுப்பதானால் மூன்று விஷயம்: படங்கள் 300 டிபிஐ (படத்தின் நுணுக்கம், ஒரு அங்குலத்துக்கு 300 நுண்துளி) இருக்க வேண்டும், நிறங்கள் சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை நிறங்கள்) முறையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரையில் கண்ட நீலம் அச்சில் வேறு நீலமாக வரும், ஓரம் வரை நிறம் போவதானால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். வெட்டும் கத்தி அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வெள்ளைக் கோடு தெரியாமல் இருக்க அந்தக் கூடுதல்.

பிறகு ப்ரூஃப், அதாவது அச்சடிக்கும் முன் சரிபார்க்கத் தரும் மாதிரி. இதைக் கண்ணால் மட்டும் பார்க்காதீர்கள். ப்ரூஃபில் உள்ள எண்ணைப் பார்த்து வேறொருவரின் கைபேசியிலிருந்து அழையுங்கள். உங்கள் கைபேசி மணி அடிக்க வேண்டும். அதில் உள்ள மின்னஞ்சலைப் பார்த்து எழுத்து எழுத்தாகத் தட்டி ஒரு அஞ்சல் அனுப்புங்கள். அது வந்து சேர வேண்டும். என் 500 கார்டிலும் மின்னஞ்சலில் ஒரு எழுத்து குறைந்திருந்தது. எழுபது கொடுத்த பிறகு, "உங்களுக்கு அனுப்பியது திரும்பி வந்துவிட்டது" என்று ஒருவர் அழைத்துச் சொன்னார். மற்ற அறுபத்தொன்பது பேர் சொல்லவில்லை.

ஆகையால் 100-க்கு மேல் அச்சடிக்காதீர்கள். ஆஃப்செட் அச்சில் தகடு செய்யும் செலவு இருப்பதால் கூடுதலாகப் போட்டால்தான் கட்டுப்படியாகும். அதனால்தான் அச்சகத்தார் 500 போடச் சொல்வார்கள். டிஜிட்டல் அச்சில் அந்தத் தகடே கிடையாது, சிறிய எண்ணிக்கையிலும் போடலாம். தேடலின் நடுவில் உங்கள் அந்த ஒரு வரி நிச்சயம் மாறும்.

4. கியூஆர் கோடு வேண்டுமா?

கியூஆர் கோடு 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில், வாகன உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக உருவானது. இன்று கார்டின் பின்பக்கத்தை முழுக்க அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. எழுதும் இடத்தை அதற்குத் தாரை வார்க்காதீர்கள். முன்பக்கத்தின் ஒரு மூலையில், 2 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையாமல், வெளிர் பின்னணியில் அடர் நிறத்தில் வைத்தால் போதும். சுற்றிலும், கோடில் உள்ள சிறு கட்டங்கள் நான்கின் அகலத்துக்கு வெற்றிடம் இருக்க வேண்டும்; அது இல்லாவிட்டால் பல கைபேசிகள் திணறும். முகவரி எவ்வளவு குறுகியதோ கட்டங்கள் அவ்வளவு பெரிதாக வரும், எளிதாகப் படிக்கும்.

ஒரு பொறி இருக்கிறது. இலவசமாகக் கியூஆர் செய்து தரும் தளங்கள் சில, உங்கள் முகவரியைக் கோடுக்குள் வைக்காமல், தங்கள் தளத்தின் முகவரியை வைத்து அங்கிருந்து உங்கள் பக்கத்துக்குத் திருப்பிவிடும். "டைனமிக்" என்பார்கள். சந்தா முடிந்தால் அச்சடித்த கோடு அத்தனையும் செல்லாக்காசு. "ஸ்டாட்டிக்" வகையைத் தேர்ந்தெடுங்கள். அதில் முகவரி கோடுக்குள்ளேயே இருக்கும்.

தட்டினால் விவரம் போகும் என்எஃப்சி கார்டுகளும் உண்டு. அது உங்களிடமே திரும்பி வந்துவிடும், அவர் கையில் எதுவும் மிஞ்சாது. எனக்கு அதில் ஆர்வமில்லை.

5. யாரிடம், எப்போது

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் ஒரு சிறு கணக்கு வருகிறது. தெரிந்தவர் மூலம் புதிய வேலைக்குப் போன 54 பேரிடம், தகவல் தந்தவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்துவந்தீர்கள் என்று கேட்டார். வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்த்தவர் மூலம் வேலை கிடைத்தது 16.7 சதவீதத்தினருக்குத்தான். எப்போதாவது பார்ப்பவர் மூலம் 55.6 சதவீதம், ஆண்டுக்கு ஒரு முறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவர் மூலம் 27.8 சதவீதம். 54 பேர் என்பது சிறிய கூட்டம்தான். ஆனால் 2022-ல் 2 கோடிக்கும் மேற்பட்ட லிங்க்ட்இன் பயனர்களை வைத்து நடந்த ஆய்வும் ஏறக்குறைய அதே திசையைக் காட்டியது. ஒரு திருத்தத்தோடு: பெயரளவுக்கு மட்டும் தெரிந்தவரைவிட, ஓரளவு பழக்கமுள்ளவர் மூலம்தான் வேலை மாற்றம் அதிகம் நடக்கிறது.

காரணம் எளிது. நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த காலியிடம் உங்களுக்கும் தெரியும். பழைய நிறுவனத்துக்குச் சரக்கு கொண்டுவந்தவர், முன்பு வேறு பிரிவில் இருந்தவர், பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஆகியோரின் வட்டம் வேறு. கார்டு இவர்களுக்குத்தான். வேலைவாய்ப்பு முகாமில் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போட்டியாளர் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். அவருக்குப் பொருந்தாத அழைப்பு உங்களுக்குப் பொருந்தக்கூடும்.

எப்போது கொடுப்பது என்பதில் புதியவர்கள் எல்லோரும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: வணக்கம் சொன்ன கையோடு நீட்டிவிடுகிறார்கள். அது நோட்டீஸ் கொடுப்பது போல. பேச்சு முடியும்போது, பேச்சிலிருந்தே ஒரு காரணத்தை எடுத்துக்கொண்டு கொடுங்கள். இப்படி:

"நீங்கள் சொன்ன அந்தப் பழைய வால்வுப் பிரச்சினையை நாங்கள் ஒருமுறை தீர்த்திருக்கிறோம். அந்த வரைபடத்தை உங்களுக்கு அனுப்பட்டுமா? எந்த முகவரிக்கு அனுப்புவது?"

"இந்தாருங்கள், என் கார்டு."

"நன்றி. இது என்னுடையது. பழைய இடத்திலிருந்து போன மாதம் வெளியே வந்தேன். பராமரிப்புப் பிரிவில் வாய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

கவனியுங்கள், அவருடைய கார்டு முதலில் வந்துவிட்டது. வேலை வேண்டும் என்று கெஞ்சவும் இல்லை, மறைக்கவும் இல்லை. "உங்களிடம் வேலை இருக்கிறதா?" என்று கேட்டால் பெரும்பாலோர் "இப்போதைக்கு இல்லை" என்றுதான் சொல்ல முடியும், பேச்சு அங்கேயே அறுந்துவிடும். "இந்தத் துறையில் இப்போது யார் ஆள் எடுக்கிறார்கள்?" என்று கேட்டால் யோசிப்பார்கள். இன்னொரு கார்டை நீட்டி, "அவரிடம் இதைக் கொடுக்க முடியுமா?" என்று கேட்பதற்கும் அப்போது இடம் உண்டு. அனுப்புவதற்கு நிஜமாகவே ஏதாவது இருக்கும்போது மட்டும் அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள். பழைய நிறுவனத்தின் ரகசிய ஆவணம் அதில் சேராது.

ஸ்டாலில் வாடிக்கையாளர் நிற்கும்போது குறுக்கே போகாதீர்கள். துக்க வீட்டில் கார்டை வெளியே எடுக்காதீர்கள். இதைச் சொல்லவும் வேண்டுமா என்று தோன்றும், நான் பார்த்திருக்கிறேன். நேர்காணலில் உங்கள் கார்டைவிட அவர்களுடையது முக்கியம்: யார் யார் கேள்வி கேட்டார்கள் என்று பெயர் தெரிந்தால்தான் மறுநாள் நன்றி சொல்லி எழுத முடியும்.

அவர் கார்டைக் கொடுத்ததும் வாங்கி, ஒருமுறை படித்து, பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாவிட்டால் அங்கேயே கேட்டுவிட்டு, உள்ளே வையுங்கள். பின்பாக்கெட் வேண்டாம்.

6. பின்பக்கத்தில் எழுதுவது

பத்து நிமிடத்துக்குள், அவர் கண்ணில் படாத இடத்துக்கு வந்து, அவருடைய கார்டின் பின்பக்கத்தில் எழுதுங்கள். தேதி, இடம், பேசிய விஷயம், நீங்கள் செய்வதாகச் சொன்னது, அவர் செய்வதாகச் சொன்னது. என்னிடம் இருக்கும் ஒன்றில் இப்படி இருக்கிறது: "12/3. கண்காட்சி, இரண்டாம் கூடம். வால்வு கசிவு. வரைபடம் அனுப்ப. மகனுக்குத் தேர்வு, வாரக் கடைசியில் தொந்தரவு வேண்டாம். பராமரிப்புத் தலைவரைக் கேட்பதாகச் சொன்னார்." ஐந்தாறு துண்டு வாக்கியம். இது இல்லாவிட்டால் மாலையில் பையிலிருந்து எடுக்கும் பதினான்கு கார்டும் பதினான்கு பெயர்கள், அவ்வளவே. எது யாருடைய முகம் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் நோட்டிலோ விரிதாளிலோ ஏற்றுங்கள். பெயர், எங்கே, என்ன, அடுத்து என்ன, எந்தத் தேதிக்குள். கடைசி இரண்டு நெடுவரிசைகள்தான் பட்டியலுக்கு உயிர்.

7. இரண்டு நாளுக்குள் ஒரு அஞ்சல்

மறுநாள் நல்லது, அதற்கு மறுநாள் பரவாயில்லை. ஒரு வாரம் தாண்டினால் கார்டு கொடுத்ததே வீண்.

"வணக்கம் ஐயா. நேற்றுக் கண்காட்சியில் வால்வு கசிவைப் பற்றிப் பேசினோம். நான் சொன்ன வரைபடத்தை இணைத்திருக்கிறேன். இரண்டாவது பக்கத்தில் உள்ள வளைய மாற்றம்தான் எங்களுக்குக் கைகொடுத்தது. பராமரிப்புத் தலைவரிடம் விசாரிப்பதாகச் சொன்னீர்கள். அவருக்கு உதவுமானால் என் விவரக் குறிப்பு ஒரு பக்கத்தில் அனுப்புகிறேன்."

இதில் ரெஸ்யூமே இணைப்பு இல்லை என்பதைப் பாருங்கள். அனுப்பட்டுமா என்ற கேள்விக்கு "அனுப்புங்கள்" என்று பதில் வந்தால், அது ஒரு சம்மதம். கேட்காமல் வந்த ரெஸ்யூமேயைத் திறப்பதற்கும் கேட்டு வாங்கியதைத் திறப்பதற்கும் வித்தியாசம் உண்டு. பொருள் வரியில் "வேலை வேண்டி" என்று போடாமல், "கண்காட்சியில் பேசிய வால்வு வரைபடம்" என்று போடுங்கள்.

பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையா, விட்டுவிடுங்கள். மூன்றாவது அஞ்சல் யாருக்கும் வேலை வாங்கித் தந்து நான் பார்த்ததில்லை. கார்டில் இருக்கும் எண்ணை எடுத்து வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்பது, தினமும் காலை வணக்கம் அனுப்புவது இரண்டும் அவர் உங்களைத் தடைசெய்வதற்கான நேர்வழி.

வேலை கிடைத்த பிறகு ஒரு மாலை உட்கார்ந்து அந்தப் பட்டியலை மறுபடி திறங்கள். பதில் எழுதியவர்கள், விசாரித்துச் சொன்னவர்கள், "இல்லை" என்று நேர்மையாகச் சொன்னவர்கள் எல்லோருக்கும் இரண்டு வரி: எங்கே சேர்ந்திருக்கிறேன், இனி என்னை எந்த முகவரியில் பிடிக்கலாம். எனக்கு அப்படி எழுத வேண்டியவர்கள் பதினொரு பேர் இருந்தார்கள். அந்தப் பம்புப் பெரியவருக்கும் எழுத வேண்டும் என்று தோன்றியது. அவருடைய கார்டை நான் கேட்டு வாங்கியிருக்கவில்லை.